கல்லை வைத்தே செம்பு செய்வது எப்படி

பள்ளிப் புத்தகத்தில் கற்காலம், செம்புக் காலம், இரும்புக் காலம் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். அதைப் படித்தவர்கள் மனதில், ஒரு நாள் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுநாள் எல்லோரும் செம்பைக் கையில் எடுத்துக்கொண்டதுபோல ஒரு படம் பதிந்துவிடுகிறது. நடந்தது அப்படி இல்லை. 1991 செப்டம்பரில் ஆஸ்திரிய-இத்தாலிய எல்லையில், ஆல்ப்ஸ் மலைப் பனிக்குள் கிடைத்தாரே ஓட்சி என்ற பனிமனிதர், அவரை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். அவரிடம் இருந்த கோடரியின் அலகு கிட்டத்தட்ட சுத்தச் செம்பு, ஆனால் இடுப்பில் இருந்த கத்தி சக்கிமுக்கிக் கல், அம்பு முனைகளும் சக்கிமுக்கிக் கல். அவர் உயிரைப் பறித்ததும் இடது தோளில் தைத்த ஒரு கல் அம்புமுனைதான். செம்பு வந்த பிறகும் அன்றாட வேலையைக் கல்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று, இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிடக் கையால் செய்து தெரிந்துகொண்டதுதான் அதிகம்: செம்பைச் செய்ததே கல்தான். தாதுவை உடைத்தது கல், அரைத்தது கல், உலோகத்தைத் தட்டி நீட்டியது கல், வார்க்கும் அச்சும் கல். நெருப்பைக் கட்டுப்படுத்தும் பழக்கம் குயவர்களிடமிருந்து வந்தது, மற்ற எல்லாமே கல் வேலைக்காரர்களின் கைப்பழக்கம். அதனால் இந்த வழிகாட்டியில் சுத்தியலையும் அரத்தையும் தொட மாட்டோம். முழுக்கக் கல்லை வைத்தே ஒரு சின்னச் செம்பு ஊசியைச் செய்து முடிப்போம். முதல் பாதியை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் யார் வேண்டுமானாலும் செய்யலாம். இரண்டாம் பாதிக்கு இரண்டு வாரத் தயாரிப்பும், கூட நாலைந்து பேரும், திறந்த வெளியும் வேண்டும்.

கல் பொறுக்குவது

இதில் அவசரப்படாதீர்கள். உங்களுக்குத் தேவை அடிக்க ஒரு கல், அடியில் வைக்க ஒரு கல், தீட்ட ஒரு கல்.

அடிக்கும் கல் ஆற்றில் உருண்டு வழவழப்பானதாக, உள்ளங்கைக்குள் அடங்குவதாக, அளவுக்கு மீறிக் கனப்பதாக இருக்க வேண்டும். கருப்பான, நெருக்கமான, படலம் படலமாகப் பிரியாத கல்தான் சரி. நம் பக்கத்துப் புதிய கற்கால மக்கள் வழவழவென்று தேய்த்துக் கோடரி செய்ததும் பெரும்பாலும் இப்படிப்பட்ட கருங்கல்லில்தான் (சேர்வராயன் மலைப் பக்கமும் ஜவ்வாது மலைப் பக்கமும் அந்தக் கோடரிகளை நிலத்தில் கண்டெடுத்தவர்கள் பிள்ளையாராக வைத்துக் கும்பிட்டு வந்திருக்கிறார்கள், அந்தக் கல்லின் தேய்ப்பைப் பார்த்தால் ஏன் என்று புரியும்). ஒரு கல்லைக் கையில் எடுத்து இன்னொரு கல்லால் தட்டிப் பாருங்கள், ‘கிண்’ என்று சத்தம் வந்தால் எடுத்துக்கொள்ளலாம், ‘தொப்’ என்று வந்தால் உள்ளே வெடிப்பு இருக்கிறது, போட்டுவிடுங்கள்.

அடியில் வைக்க வீட்டில் கிடக்கும் பழைய அம்மிக்கல் போதும், ஆனால் கொத்தாத பக்கத்தைத் திருப்பி வையுங்கள். கல்லில் இருக்கும் ஒவ்வொரு குழியும் அப்படியே செம்பில் பதியும். தீட்டுவதற்கு மணற்கல் வேண்டும், கிடைக்காவிட்டால் சொரசொரப்பான ஏதாவது ஒரு கல்லின் மேல் ஆற்று மணலையும் தண்ணீரையும் போட்டுத் தேய்த்தாலும் அதே வேலைதான் நடக்கும், நேரம் மட்டும் கூடும்.

முதலில் அடித்துப் பழகுங்கள்

மனிதர்கள் செம்பை முதலில் உருக்கவில்லை. சில இடங்களில் செம்பு உலோகமாகவே பாறைக்குள் கிடைக்கும், அதை எடுத்துத் தட்டினார்கள். தென்கிழக்குத் துருக்கியில் சாயோனு என்ற ஊரில், கி.மு. 8000 வாக்கில், மண்பாண்டமே இன்னும் செய்யத் தொடங்காத மக்கள் செம்பைத் தட்டி மணியும் ஊசியும் செய்திருக்கிறார்கள். வட அமெரிக்காவின் பெரும் ஏரிகள் பக்கம் இருந்தவர்களும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இப்படித் தட்டியே ஈட்டிமுனையும் கத்தியும் செய்தார்கள். இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் மெஹர்கரில் கி.மு. ஆறாம் ஆயிரமாண்டைச் சேர்ந்த ஒரு செம்பு மணி கிடைத்தது, அதைக் கோத்திருந்த பருத்தி நூலின் இழை செம்பின் களிம்பால் கெட்டுப்போகாமல் மணிக்குள்ளேயே இருந்தது. ஒரு துளி உலோகம், பல ஆயிரம் ஆண்டுகள் ஒரு நூலைக் காப்பாற்றி வைத்திருக்கிறது, எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் சிலிர்க்கும்.

நமக்கு இயற்கைச் செம்பு கிடைக்காது, அதனால் எலக்ட்ரிக் கடையில் எர்த் போடுவதற்கு விற்கும் தடித்த செம்புக் கம்பியை வாங்குங்கள். 5 அல்லது 6 மில்லிமீட்டர் பருமன், ஒரு சாண் நீளம் போதும். காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் அது செம்பு பூசிய இரும்பு, வேண்டாம். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியாக இருந்தால் உறையைச் சீவி எடுங்கள், கொளுத்தி எடுக்காதீர்கள், அந்தப் புகை விஷம்.

கம்பியை அம்மிமேல் வைத்து, உருண்டைக் கல்லை முழுக் கையாலும் பிடித்து, ஓங்கி அடிக்காமல் கல்லின் கனத்தை மட்டும் விழவிடுங்கள். கல்லுக்குப் பிடி போடத் தேவையில்லை, எகிப்தியக் கல்லறைச் சுவரோவியங்களில் உலோகத் தகடு அடிப்பவர்கள் பிடியில்லாத கல்லைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். பத்து, இருபது அடியில் கம்பி தட்டையாகத் தொடங்கும். செம்பு இவ்வளவு இணக்கமானதா என்று ஆச்சரியமாக இருக்கும்.

அப்புறம் திடீரென்று இணங்காது. அடி விழுந்ததும் கல் துள்ளும், கம்பி வில்லைப்போல விறைக்கும், ஓரத்தில் முடிபோல மெல்லிய வெடிப்புகள் தெரியும். இங்கேதான் பெரும்பாலானவர்கள் இன்னும் பலமாக அடித்து உடைத்துவிடுகிறார்கள். நிறுத்துங்கள். செம்பு அடிபட அடிபட இறுகும், இறுகியதை இளக்கும் மருந்து நெருப்பு.

ஒரு மண்சட்டியில் அடுப்புக்கரியைப் பற்றவைத்து, தணல் நன்றாகப் பிடித்ததும் கம்பியை உள்ளே புதைத்து ஊதாங்குழலால் ஊதுங்கள். இதைச் சாயங்காலம் செய்வதுதான் நல்லது, வெயிலில் நிறம் தெரியாது. இருட்டில் மங்கலான சிவப்பு தெரிந்தால் போதும், அது 600 டிகிரி பக்கம், ஓரிரு நிமிடம் அப்படியே இருக்கட்டும். பிறகு எடுத்துத் தண்ணீரில் போட்டுவிடலாம். எஃகைச் சூட்டோடு தண்ணீரில் போட்டால் இறுகும், செம்பு அப்படி இல்லை, மெதுவாக ஆறினாலும் தண்ணீரில் முக்கினாலும் ஒரேபோல மெத்தென்று ஆகிவிடும். கருப்பாகப் படலம் பிடித்திருக்கும், புளியைக் கரைத்து அதில் ஊறவைத்துத் தேய்த்தால் போகும், வீட்டுச் செம்புக் குடத்துக்குச் செய்வதேதான்.

இப்போது மறுபடி அடியுங்கள். முதல் அடியிலேயே வித்தியாசம் தெரியும். அடி, காய்ச்சு, அடி, காய்ச்சு என்று ஐந்தாறு சுற்றில் கம்பியின் ஒரு முனை கூராகும், மறு முனை தட்டையாகும். இந்தக் காய்ச்சி அடிக்கும் வித்தை தெரிந்தவர்கள் சாயோனுவிலேயே இருந்தார்கள் என்பது அங்கே கிடைத்த பொருட்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது தெரிந்தது, உலோகத்துக்குள் இருக்கும் நுண்ணிய படிகங்களில் அந்தச் சூட்டின் தடம் அப்படியே இருக்கிறது.

கடைசிச் சுற்றில் மட்டும் காய்ச்ச வேண்டாம். கூரான முனையை மணற்கல்லில் தீட்டி, பிறகு முனையை மட்டும் மெல்லத் தட்டி இறுகவிடுங்கள். காய்ச்சிய செம்பைவிட அடித்து இறுகிய செம்பு இரண்டு மடங்குக்கு மேல் கடினமாக இருக்கும். இந்த ஊசியால் தோலில் துளை போட்டுப் பாருங்கள், போகும். பக்கத்திலேயே ஒரு சக்கிமுக்கிக் கல்லையோ வெள்ளைக் கல்லையோ உடைத்து வரும் சில்லால் அதே தோலை வெட்டிப் பாருங்கள். கல் சில்லு செம்பைவிடக் கூர். இதைக் கையில் உணர்ந்தால்தான், செம்பு தெரிந்த பிறகும் ஏன் அத்தனை நூற்றாண்டு கல்லை விடவில்லை என்று பிடிபடும். செம்பின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது: கல் உடைந்தால் போச்சு, செம்பு வளைந்தால் நிமிர்த்தலாம், மழுங்கினால் தீட்டலாம், தேய்ந்து தீர்ந்தாலும் உருக்கி இன்னொன்று செய்யலாம்.

பச்சைக் கல்லும் கரியும்

இனி நிஜமான மாற்றம், கல்லிலிருந்து உலோகம் எடுப்பது. அதற்கு மாலகைட் என்ற பச்சைக் கல் வேண்டும். செம்பின் கார்பனேட் அது, சுத்தமாக இருந்தால் எடையில் 57 சதவீதம் செம்பு. உருக்கத் தெரிவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பே இந்தப் பச்சைக்காக மட்டுமே இதை மணியாகக் கோத்தார்கள், எகிப்தில் அரைத்துக் கண்ணுக்கு மை தீட்டினார்கள். அதாவது கல்லாகவே இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவர்கள்தான் பிறகு அதைச் சூட்டில் போட்டார்கள்.

உருக்கியதற்கு நமக்குத் தெரிந்த மிகப் பழைய சான்று செர்பியாவின் பெலோவோதே, கி.மு. 5000 வாக்கில். அதே நாட்டில் ருத்னா கிளாவா என்ற இடத்தில் அந்தக் காலச் செம்புச் சுரங்கமே இருக்கிறது, மான் கொம்பாலும் பெரிய கல் சம்மட்டியாலும் தோண்டியது. இன்றைய ஜோர்டானின் பைனான் பள்ளத்தாக்கிலிருந்து தாதுவை 100 கிலோமீட்டருக்கு மேல் சுமந்துகொண்டு வந்து, இன்றைய இஸ்ரேலின் பீர்ஷெபா பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்குப் பக்கத்திலேயே சின்னக் குழி வெட்டி உருக்கியிருக்கிறார்கள். நாம் செய்யப்போவது இந்தச் சின்னக் குழி முறைதான். இந்தியாவில் பார்க்க வேண்டுமானால் ராஜஸ்தானின் கணேஷ்வர்: கீழ் அடுக்கில் குறுங்கற்கருவிகள், மேலே வர வர ஆயிரத்துக்கும் மேற்பட்ட செம்புப் பொருட்கள், பக்கத்திலேயே கேத்ரி செம்புத் தாது. ஒரே மண்ணில் மாற்றம் அடுக்கடுக்காகத் தெரியும் இடம் அது.

தமிழ்நாட்டில் கதை வேறு. இங்கே செம்புக் காலம் என்று தனியாகச் சொல்லும்படி பெரிதாக எதுவும் இல்லை, புதிய கற்காலத்திலிருந்து நேராக இரும்புக்குப் போயிருக்கிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள், 2025 ஜனவரியில் சிவகளையின் காலக்கணிப்பு கி.மு. 3345 வரை போனது. இரும்பு உருக்குவது அடிப்படையிலேயே வேறு வேலை, அதைக் காய்ச்சித் திரவமாக்காமல் பிசுபிசுத்த கட்டியாக எடுத்து அடிக்க வேண்டும். அதைத் தொடும் முன் செம்பில் நெருப்பைப் பழகிக்கொள்வது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

மாலகைட்டை ரத்தினக் கல் விற்பவர்களிடமோ கனிம மாதிரி விற்பவர்களிடமோ கிலோ கணக்கில், மெருகு போடாத துண்டாகக் கேட்டு வாங்குங்கள். மெருகு போட்ட மணிகளில் பிளாஸ்டிக்கும் சாயம் போட்ட தூளும் நிறையக் கலந்து வருகிறது. நான் முதலில் வாங்கிய பை அப்படிப்பட்டதுதான், நெருப்பில் போட்டதும் பிசின் நாற்றம் அடித்தது, அன்றைய வேலை முழுக்க வீண். நிஜக் கல் கனமாக இருக்கும், பீங்கானின் மெருகில்லாத அடிப்பக்கத்தில் உரசினால் வெளிர் பச்சைக் கோடு விழும், ஒரு துணுக்கைப் பொடித்து எலுமிச்சைச் சாற்றில் போட்டால் மெதுவாக நுரைக்கும். பித்தளை நிறத்தில் மினுமினுக்கும் தாதுவைத் தொடாதீர்கள், அதில் கந்தகம் இருக்கும். சாம்பல் நிறத்தில் உலோகப் பளபளப்போடு இருப்பதையும் ஒதுக்குங்கள், அதில் ஆர்சனிக் இருக்கலாம். செம்போடு ஆர்சனிக் சேர்ந்தால் கடினமாகும், நன்றாக வார்ப்பாகும் என்பதை அந்தக் கால மக்கள் கண்டுபிடித்துப் பல நூற்றாண்டுகள் பயன்படுத்தினார்கள், சவக்கடல் பக்கத்தில் நகால் மிஷ்மார் குகையில் 1961-இல் கிடைத்த 400-க்கும் மேற்பட்ட செம்புப் பொருட்களில் பலவும் அப்படிப்பட்ட கலவைதான். நமக்கு அது வேண்டாம், அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

கல்லை அம்மியில் வைத்துத் தண்ணீர் தெளித்து உடையுங்கள், உலர்ந்த தூள் மூச்சில் போகக் கூடாது, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். இந்த அம்மியில் பிறகு சமையலுக்கு அரைக்கக் கூடாது. துவரம்பருப்பு அளவுக்கு உடைந்தால் போதும், மாவாக்க வேண்டாம், மாவாக இருந்தால் ஊதும்போது பறந்துவிடும். 100 கிராம் தாது எடுத்துக்கொள்ளுங்கள்.

மூசையும் குழியும்

மூசை என்பது உலோகம் உருக்கும் மண்கிண்ணம். அதற்குக் களிமண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, பழைய மண்சட்டியைப் பொடித்த தூள் ஒரு பங்கு, ஒரு கை உமி. பிசைந்து, உள்ளே 10 சென்டிமீட்டர் அகலம், 4 சென்டிமீட்டர் ஆழம், சுவர் இரண்டு விரல் தடிமன் என்று ஒரு தடித்த கிண்ணம் செய்யுங்கள். தட்டானின் மூசையை நினைத்துக்கொண்டு மெல்லிசாகச் செய்யாதீர்கள். தொல்பொருள் ஆய்வில் கிடைத்த பழைய மூசைகளில் உட்பக்கம்தான் கண்ணாடிபோல உருகியிருக்கிறது, வெளிப்பக்கம் சூடே படாததுபோல இருக்கிறது. அதாவது அடியில் நெருப்பு வைத்துக் காய்ச்சவில்லை, மூசைக்கு உள்ளேயே கரியைக் குவித்து மேலிருந்து ஊதியிருக்கிறார்கள். நாமும் அப்படித்தான்.

மூசை நிழலில் ஒரு வாரம், வெயிலில் மூன்று நாள் காய வேண்டும். தரையில் 25 சென்டிமீட்டர் அகலம், ஒரு சாண் ஆழத்துக்குக் குழி வெட்டி, அதே களிமண்ணைப் பூசி அதையும் காயவிடுங்கள். குழியைச் சுற்றி ஆற்றுக் கல் அடுக்க வேண்டாம், உள்ளே ஈரம் இருந்தால் சூட்டில் வெடித்துச் சிதறும். உருக்கும் நாளுக்கு முந்தின நாள் குழியிலும் மூசையிலும் ஒரு மணி நேரம் சின்னத் தீ போட்டு மிச்சம் இருக்கும் ஈரத்தையும் ஓட்டிவிடுங்கள். எங்கள் இரண்டாவது முயற்சியில் இதை விட்டுவிட்டோம், பாதி வேலையில் மூசை இரண்டாகப் பிளந்து உள்ளே இருந்தது எல்லாம் சாம்பலோடு போனது.

காற்றுக்கு மூன்று மூங்கில் குழாய், ஒவ்வொன்றும் முக்கால் மீட்டர் நீளம், கணுக்களைத் துளைத்துவிட்டு, நெருப்புப் பக்க முனையில் களிமண்ணால் குமிழ் செய்து சுண்டுவிரல் நுனி போகும் அளவு துளை விடுங்கள். களிமண் குமிழ் இல்லாவிட்டால் மூங்கில் பற்றிக்கொள்ளும். எகிப்தில் சக்காராவில் இருக்கும் மெரெருக்காவின் கல்லறையில் உலோக வேலைக்காரர்கள் உலையைச் சுற்றி உட்கார்ந்து இப்படி ஊதும் காட்சி செதுக்கியிருக்கிறது, கி.மு. 2300 பக்கம்.

கரி கருவேலங்கரியாக இருந்தால் நல்லது, கடையில் விற்கும் அச்சுக்கரிக் கட்டி வேண்டாம். நெல்லிக்காய் அளவுக்கு உடைத்து ஆறு கிலோ வைத்துக்கொள்ளுங்கள், தூளைச் சலித்துத் தனியாக எடுத்து வையுங்கள், அதுவும் வேண்டும்.

உருக்கும் நாள்

பருத்தித் துணி, தோல் செருப்பு அல்லது ஷூ, கண்ணாடி. நைலான் சட்டை போட்டவரைப் பக்கத்தில் விடாதீர்கள். கூரைக்குக் கீழே செய்யவே கூடாது, கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, அந்த வாயுதான் நம் வேலையைச் செய்யப் போகிறது, அதே வாயு ஆளையும் மயக்கும். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறதோ அதற்கு எதிர்ப் பக்கம் யாரும் உட்காராதீர்கள், புகை அங்கேதான் போகும்.

என்ன நடக்கப் போகிறது என்றால், 300 டிகிரியைத் தாண்டியதும் மாலகைட் பச்சை போய்க் கருப்பாகும், தண்ணீரும் கரியமில வாயுவும் வெளியேறி செம்பு ஆக்சைடு மட்டும் மிஞ்சும். கார்பன் மோனாக்சைடு அந்த ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். அது நடக்க 700, 800 டிகிரி போதும், ஆனால் கிடைக்கும் செம்பு பஞ்சுபோல இருக்கும், ஒன்றுகூடித் துளியாக 1085 டிகிரி வேண்டும். சும்மா விறகு நெருப்பில் தவறி விழுந்த பச்சைக் கல்லிலிருந்து செம்பு வந்தது என்று ஒரு கதை ரொம்ப நாள் இருந்தது. 1930களின் இறுதியில் இங்கிலாந்தில் எச். எச். கோக்லன் என்ற ஆய்வாளர் அதைச் செய்தே பார்த்தார். திறந்த நெருப்பில் வரவில்லை, மூடிய பாத்திரத்துக்குள் வைத்துச் சூடேற்றியபோது வந்தது. சூடு மட்டும் போதாது, காற்று நேராகப் படாத மறைவும் வேண்டும். அந்த மறைவு குயவரின் சூளையில் இருந்தது, அதனால்தான் குயவர் கைப்பழக்கம் இதற்குள் இருக்கிறது என்று சொன்னேன்.

குழிக்குள் மூசையை வைத்து, உள்ளேயும் மேலேயும் கரியைக் குவித்துப் பற்றவையுங்கள். மூன்று பேர் மூன்று பக்கம் உட்கார்ந்து, குழாய் முனை மூசையின் விளிம்புக்குச் சற்று மேலே, கீழ்நோக்கிச் சாய்ந்தபடி வைத்து மாறி மாறி ஊதுங்கள். குழாயிலிருந்து வாயை எடுத்து, முகத்தைத் திருப்பி மூச்சை இழுங்கள். தலை சுற்றினால் உடனே ஆளை மாற்றுங்கள், அதற்குத்தான் ஐந்தாறு பேர். முதல் தடவை கொல்லுப்பட்டறையில் இருக்கும் கையால் சுற்றும் ஊதுவிசிறியை வைத்துச் செய்வது சுலபம், ஆனால் ஒரு தடவையாவது வாயால் ஊதிப் பாருங்கள். பத்து நிமிடத்தில், இது ஒற்றை ஆள் வேலையே இல்லை, ஒரு குடும்பமோ தெருவோ சேர்ந்துதான் செய்திருக்க முடியும் என்று உடம்பே சொல்லும்.

அரை மணி நேரத்தில் கரிக்குள் ஆரஞ்சு தாண்டி மஞ்சள் நிறம் தெரியும். அப்போது தாதுவையும் அதே அளவு கரித்தூளையும் கலந்து, கால் பங்கை மூசைக்கு மேலே கொட்டி உடனே கரியால் மூடுங்கள். பத்து நிமிடம் கழித்து அடுத்த கால் பங்கு. நாலு தடவை. தாது ஒருபோதும் வெளியே தெரியக் கூடாது, மேலே ஒரு சாண் கரி எப்போதும் இருக்க வேண்டும், கரி இறங்க இறங்க ஒருவர் போட்டுக்கொண்டே இருக்கட்டும். சுடரில் பச்சை தெரியத் தொடங்கும். முதல் தடவை அதைப் பார்க்கும்போது யாரும் பேச மாட்டார்கள்.

கடைசிப் பங்கு போட்ட பிறகு இன்னும் அரை மணி நேரம் விடாமல் ஊதுங்கள். இங்கே நிறையப் பேர் செய்யும் தவறு, ஆர்வத்தில் கரியை விலக்கி எட்டிப் பார்ப்பது, அல்லது காற்றை நேராகத் தாதுவின் மேலேயே செலுத்துவது. இரண்டிலும் பிரித்த ஆக்சிஜன் திரும்ப ஒட்டிக்கொள்ளும், செங்கல் நிறத்தில் சிவப்புக் கட்டி கிடைக்கும், உலோகம் கிடைக்காது. நேரம் ஆனதும் ஊதுவதை நிறுத்தி, கரியோடு அப்படியே ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். மறுநாள் காலை திறந்தால் போதும்.

குருணை பொறுக்குவது

எல்லோரும் உள்ளே ஒரு செம்புக் கட்டி பளபளவென்று இருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். இருக்காது. கருப்பும் சிவப்புமாக ஒரு கட்டி, அதற்குள் கடுகு முதல் மிளகு வரை அளவில் செம்புத் துளிகள் சிக்கியிருக்கும். மூசைச் சுவரில் ஒட்டியதையும் சுரண்டி எடுங்கள். எல்லாவற்றையும் அம்மியில் வைத்து உடைத்து, ஒவ்வொரு துணுக்கையும் தட்டிப் பாருங்கள்: நசுங்குவது செம்பு, உடைவது சிட்டம், அதாவது உலோகம் போக மிஞ்சிய கசடு. பொடியாகிவிட்டதை ஒரு தட்டில் போட்டு, அரிசியில் கல் அரிப்பதுபோலத் தண்ணீரில் அரியுங்கள், கனமான செம்பு அடியில் தங்கும். பைனான் போன்ற பழைய உருக்கு இடங்களில் குழி விழுந்த அடிகற்களும் அடிக்கும் கற்களும் கிடப்பது இந்த வேலைக்காகத்தான்.

100 கிராமில் கணக்குப்படி 57 கிராம். 30 கிராம் கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். எங்களுக்கு முதலில் 9 கிராம்தான் வந்தது, அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

வார்ப்பு

அச்சுக்கு மாக்கல், கல்சட்டி செய்யும் அதே கல். சக்கிமுக்கிச் சில்லாலேயே குடையலாம், அவ்வளவு மிருது. 6 சென்டிமீட்டர் நீளம், 1 சென்டிமீட்டர் அகலம், அரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு பள்ளம் போதும். செம்பு ஒரு கன சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 9 கிராம், ஆகவே இந்தப் பள்ளத்துக்கு 27 கிராம் பிடிக்கும். குருணை குறைந்தால் கம்பித் துண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லை நெருப்புக்குப் பக்கத்தில் வைத்துக் கை பொறுக்காத சூடு வரும்வரை உலர்த்துங்கள், பள்ளத்தில் விளக்குப் புகையைப் பிடியுங்கள். ஈரமான அச்சில் உருகிய செம்பு பட்டால் நீராவி அதை முகத்தில் வாரி அடிக்கும், இந்த வழிகாட்டியில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

குருணையைப் புது மூசையில் போட்டு, அதே குழி, அதே ஊதல். உருகிய செம்பு கரிக்கு அடியில் கண்ணாடிபோல அசையும். நீளமான இடுக்கியால் மூசையை எடுத்து (பழங்காலத்தில் காயாத பச்சை மரக்கிளையை வளைத்துப் பிடித்திருப்பார்கள், நீங்கள் இரும்பு இடுக்கியும் தோல் கையுறையும் வைத்துக்கொள்ளுங்கள்) ஒரே மூச்சில் ஊற்றுங்கள், தயங்கினால் பாதியில் உறையும். சுத்தச் செம்பு வாயுவை உறிஞ்சிக்கொள்ளும் குணமுள்ளது, மேற்பரப்பு இட்லிபோலப் பொங்கித் துளை துளையாக இருந்தால் உங்கள் தவறு இல்லை. மெழுகில் உருவம் செய்து அதன்மேல் மண் பூசி வார்க்கும் முறை மெஹர்கரிலேயே 6,000 ஆண்டுகளுக்கு முன் வந்துவிட்டது, சக்கரம்போல ஒரு சின்னத் தாயத்து கிடைத்திருக்கிறது, சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் மெழுகில்தான் தொடங்குகிறார்கள். அது தனிக் கலை, நமக்கு இப்போது திறந்த அச்சு போதும்.

ஆறியதும் கம்பியை அடித்தீர்களே, அதே வேலைதான்: அடி, காய்ச்சு, அடி. துளைகள் நசுங்கி மூடும், ஓரம் பிளந்தால் மணற்கல்லில் தேய்த்து எடுத்துவிட்டுத் தொடருங்கள். முனையைத் தீட்டி, கடைசியாகத் தட்டி இறுக்கி, ஒரு வேப்பங்குச்சியைப் பிளந்து நடுவில் செருகி ஈரத் தோல் வாரால் சுற்றிக் கட்டினால் காய்ந்ததும் இறுகப் பிடித்துக்கொள்ளும்.

மிச்ச வேலைகள். சிட்டத்தையும் கழுவிய தண்ணீரையும் வயலிலோ கிணற்றுப் பக்கமோ கொட்டாதீர்கள், செம்பு உப்பு பயிருக்கும் மீனுக்கும் ஆகாது, ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள். பழைய மண்பாண்ட ஓடோ சிட்டமோ தரையில் கிடக்கும் இடத்தில் குழி வெட்டவே கூடாது, கிடப்பதைப் பொறுக்கவும் கூடாது, இடத்தைக் குறித்துக்கொண்டு தாசில்தார் அலுவலகத்திலோ தொல்லியல் துறையிலோ சொல்லுங்கள். எவ்வளவு தாது, எவ்வளவு கரி, எத்தனை நிமிடம், எவ்வளவு செம்பு என்று ஒவ்வொரு தடவையும் நோட்டில் எழுதுங்கள். உங்கள் குழியை மூடும் முன் அடியில் இந்த ஆண்டு அச்சடித்த ஒரு ரூபாய்க் காசைப் போட்டு மூடுங்கள், பின்னால் யாராவது தோண்டினால் இது எந்தக் காலத்து உலை என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.